இருநூற்றுப் பன்னிரண்டரை கிராம்

மிருகக்காட்சி சாலையில் பதிவேடுகளைக் கவனிக்கும் அதிகாரிக்குப் பராமரிப்பாளர்கள் வைத்த பெயர் சித்திரகுப்தி. அவள் எழுதாதவரை அங்கே குட்டி பிறந்ததும் இல்லை, கிழட்டுக் கரடி செத்ததும் இல்லை. அந்தப் பெயர் காதில் விழுந்தபோது அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அப்படியென்றால் எமன் யார் என்று மட்டும் கேட்டாள். கால்நடை மருத்துவர் கையைத் தூக்கினார்.

பன்னிரண்டு வருடமாக அதே அறை. ஒரு கணினி, ஒரு பிரிண்டர், கணினிக்கு முந்திய காலத்து அட்டைகள் அடைத்த இரும்பு அலமாரி. இந்த வேலை காலியாக இருக்கிறது என்ற தகவலையே முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவளுடைய அக்கா கணவர்தான். அவர் இரவு விலங்குக் கூடத்தில் பராமரிப்பாளர். இருபத்திரண்டு வருட அனுபவம். வௌவால் கூட அவர் கையில் அடங்கி உட்காரும் என்பார்கள். அலுவலகத்தில் அவரை எல்லோரையும் போல 'சார்' என்பாள், வீட்டில் அத்தான்.

ஒரு வியாழக்கிழமை வேறொரு மிருகக்காட்சி சாலையிலிருந்து கடிதம் வந்தது. அங்கே ஒரு ஆண் தேவாங்கு துணையில்லாமல் இருக்கிறது, உங்களிடம் இருக்கும் பெண்ணைக் கொடுக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். இயக்குநர் சரி என்றுவிட்டார். காகிதங்களைத் தயாரிப்பதற்காக அவள் பெண் தேவாங்கின் கோப்பைத் திறந்தாள். செவ்வாய்தோறும் எடை போட்டு எழுதிய பட்டியல் ஒழுங்காக இருந்தது. நான்கு வாரத்துக்கு முந்தைய வரியில் 212.5 என்று இருந்தது.

அந்தக் கூடத்துத் தராசு அரை கிராம் காட்டாது. போன வருடம் ஒரே ஒரு வாரம் அது பழுதானபோது மருத்துவரின் தராசை இரவல் வாங்கினார்கள். அந்த வாரம் விழுந்த எண்தான் 212.5. ஓரத்தில் குறிப்பு எழுதியவளே அவள். போன வருடத்துப் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இந்த வருடத்துக் கடைசி ஆறு வார எண்களும் போன வருடத்து எண்களும் அச்சு அசலாக ஒன்றுதான். வாராவாரம் அவளிடம் வரும் எடைச் சுருக்கங்கள் ஆறின் அடியிலும் சரிபார்த்ததாக அவள் கையெழுத்து.

மதியம், உடம்பில் பதித்த சிப் எண்ணைப் படிக்கும் கருவியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அங்கே பகலில் இருட்டு, இரவில் விளக்கு. பார்வையாளர்களுக்காக விலங்குகளின் நாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்திருந்தார்கள். பின்பக்க நடையில் அவர் பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். அனுப்புவதற்கு முன்னால் கூடத்தில் இருக்கும் ஆண், பெண் இரண்டு தேவாங்குகளின் எண்ணையும் பார்க்க வேண்டும் என்றாள். அவர் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, முதல் பெட்டியிலிருந்து துணிப்பையில் ஆணைக் கொண்டுவந்தார். கருவி ஒலித்தது. கடைசி நான்கு எண்கள் 4471.

பெண் கூச்ச சுபாவம், ஆள் பார்த்தால் மிரளும், நீ இங்கேயே இரு என்று சொல்லிவிட்டு அவர் பையோடு உள்ளே போனார். திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆனது. பையின் மேல் கருவியை வைத்தாள். 4471.

கருவி காட்டிக்கொடுக்கும் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தும் கொண்டுவந்திருக்கிறார். அவள் இன்னொரு முறை வைத்துப் பார்க்கவில்லை.

"அத்தான், இது முதல்ல பார்த்ததுதான்."

அவர் பையை மெல்லத் தரையில் வைத்து உட்கார்ந்தார். பின்கதவின் மேலே இருக்கும் காற்று ஜன்னலை மூட மறந்தது நான்தான், பெண் அந்த வழியாகத்தான் போயிருக்கும் என்றார். முதல் நாள் மரப்பொந்துக்குள் தூங்கும் என்று நினைத்து 'பார்த்தேன்' என்று எழுதினார். இரண்டாம் நாளும் காணோம். ஆனால் முதல் நாள் எழுதியது அப்படியே இருக்கிறதே, அதை என்ன செய்வது? இரண்டு மூன்று நாள் சீக்கிரமே வந்து தோட்டத்து மரங்களில் தனியாகத் தேடினார். பிறகு எடை போடும் செவ்வாய் வந்துவிட்டது.

"நாப்பத்தோரு நாளாச்சு" என்றார். "செத்துப்போச்சுன்னு எழுதிடேன். சின்ன ஜீவன்தானே."

இறப்பு என்று எழுதினால் உடல் வேண்டும், மருத்துவரின் பரிசோதனை அறிக்கை வேண்டும், புதைத்த இடம் வேண்டும் என்று அவள் வரிசையாகச் சொன்னாள். சொல்லும்போது தன் குரல் அறிவிப்புப் பலகை வாசிப்பது போல் இருப்பது அவளுக்கே கேட்டது. நாளைக் காலை பத்து மணிக்குள் நீங்களே இயக்குநரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள், அதுதான் நல்லது என்றாள். அவர் தலையசைத்தார். பழத்தட்டை நகர்த்தி, அவள் போக வழி விட்டார்.

சாயங்காலம் அக்காவிடமிருந்து போன் வந்தது. அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"ஒரே ஒரு வரி. அதை மாத்தி எழுதினா உன் கை என்ன தேஞ்சா போயிடும்?"

"செத்துச்சுன்னு எழுதிட்டா யாரும் தேட மாட்டாங்கக்கா."

"நான் தேவாங்கைப் பத்திப் பேசலை" என்று சொல்லி அக்கா வைத்துவிட்டாள். அவள் அரிசியைக் களைந்து அடுப்பில் ஏற்றினாள். சோறு குழைந்துவிட்டது. குழைந்ததையே சாப்பிட்டாள்.

மறுநாள் பத்து மணி ஆனது. பத்தேகால் ஆனது. இயக்குநர் அறைக் கதவு திறந்தேதான் இருந்தது. வருபவர் போகிறவரெல்லாம் அவள் ஜன்னல் வழியாகத் தெரிந்தார்கள். அத்தான் வரவில்லை. பத்து நாற்பதுக்கு அவள் அந்தக் கோப்பில் 'காணவில்லை' என்று எழுதி, நாற்பத்திரண்டு நாளுக்கு முந்தைய தேதியைப் போட்டாள். அறிக்கை இரண்டே பத்தி. முதலாவது அவரைப் பற்றி. இரண்டாவது, ஆறு வாரச் சுருக்கங்களைத் தான் படிக்காமலே கையெழுத்துப் போட்டதைப் பற்றி.

இயக்குநர் படித்துவிட்டு, இரண்டாவது பத்தி எதற்கு, வம்பை விலைக்கு வாங்குவது போல் இருக்கிறதே என்றார். இருக்கட்டும் சார் என்றாள்.

அன்றைக்கே தேடல் தொடங்கியது. தோட்டக்காரர்கள், காவலர்கள், டிக்கெட் கிழிப்பவர்கள் எல்லோரிடமும் படம் கொடுத்தார்கள். நான்காம் நாள், செடிகள் வளர்க்கும் கண்ணாடி வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண் வந்து, ஒரு மாதமாக எங்கள் கூரைக் குழாயில் ஏதோ ஒன்று உட்கார்ந்து முழித்துப் பார்க்கிறது, குரங்குக் குட்டி என்று நினைத்து விட்டுவிட்டேன் என்றாள். தேவாங்கு உயிரோடுதான் இருந்தது. செடிப் பூச்சிகளைத் தின்றே காலம் தள்ளியிருக்கிறது. முதுகில் ரோமம் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. எடை நூற்று எழுபத்தெட்டு கிராம். பயணம் இப்போதைக்கு வேண்டாம் என்று மருத்துவர் சொன்னதால், கடிதம் எழுதியவர்களின் ஆண் இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

கிடைத்துவிட்டதே என்று விசாரணையில் பலரும் அவருக்காகப் பேசினார்கள். தொலைந்ததற்கு மன்னிப்பு உண்டு, பொய் எடை எழுதியதற்கு இல்லை என்று தீர்ப்பானது. அவரைத் தீவனக் கிடங்குக்கு மாற்றினார்கள். இருபத்திரண்டு வருடமாக உயிருள்ளவற்றைத் தொட்ட கை இனி காரட்டும் வைக்கோலும்தான் தொடும். அவளுக்கு எழுத்துப்பூர்வமான கண்டனம் வந்தது. அதைத் தன் பணிக்கோப்பில் அவளே பஞ்ச் செய்து கோத்தாள். அதுவும் அவள் வேலைதான்.

அக்கா ஏழு வாரம் பேசவில்லை. கிடங்கு வாசலில் அத்தானைப் பார்க்க நேர்ந்தால் அவர் "என்ன, நல்லா இருக்கியா?" என்பார். நல்லா இருக்கேன் என்பாள். பிறகு அவர் வைக்கோல் கட்டுகளை எண்ணத் திரும்புவார். தான் செய்தது சரி என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருந்ததில்லை. அன்று காலை பத்து மணிக்கு முன்னால் கூடத்துக்கு நடந்துபோய், வாங்க அத்தான் சேர்ந்து போவோம் என்று கூப்பிட்டிருக்கலாமே என்பதுதான் சில நாள் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது தோன்றும்.

எட்டாவது வாரம் போன் அடித்தது.

"அப்பாவுக்கு செவ்வாய்க்கிழமை கண் ஆபரேஷன்" என்றாள் அக்கா. "நீ லீவு போடுறியா, நான் போடட்டுமா?"

"நான் போடுறேன்."

"சரி. ஏழு மணிக்கு ரெடியா இரு. அவர் கார் எடுத்துட்டு வருவார்."

செவ்வாய்க்கிழமை ஏழடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே கார் வந்து நின்றது. அப்பா முன்சீட்டில் கறுப்புக் கண்ணாடியை இப்போதே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தான் இறங்கி வந்து பின்கதவைத் திறந்தார். அப்பாவுக்குப் போன தடவை டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டெல்லாம் ஒழுங்கில்லாமல் இருக்கிறது, தேதி வாரியாக அடுக்கித் தருகிறாயா என்று கேட்டு ஒரு கனத்த உறையை நீட்டினார். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அடுக்க ஆரம்பித்தாள்.