படகு இழுத்த ஹைலக்ஸ்

யாங்கோனின் கிழக்குப் பகுதியான தின்கன்ஜூனில் குழந்தைவேலுவைத் தெரியாதவர்கள் உண்டு. அவருடைய பச்சை ஹைலக்ஸைத் தெரியாதவர்கள் இல்லை. பின்தட்டில் இரண்டு பலகை இருக்கைகளும் மேலே தகரக் கூரையுமாக, அந்தப் பிக்கப் வண்டி பதினாறு ஆண்டுகள் நகரத்துக்கும் தின்கன்ஜூனுக்கும் இடையே ஆள் ஏற்றி ஓடியது. ஓட்டியவர் குழந்தைவேலு. ஓடவைத்தவர் அவர் மனைவி கனகாம்பாள்.

யாங்கோனில் வாகனங்கள் சாலையின் வலப்புறம் ஓடுகின்றன. வண்டிகளோ பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்த பழையவை; அவற்றின் ஸ்டியரிங்கும் வலப்புறமே. ஆகவே ஓட்டுகிறவர் நடைபாதையை ஒட்டி உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு லாரி போனால், அதைத் தாண்டி எதிரே வருவது எதுவும் அவர் கண்ணில் படாது. இடப்பக்கம் அமர்ந்திருக்கும் 'ஸ்பேர்', அதாவது நடத்துநர், தலையை வெளியே நீட்டிப் பார்த்து, "ஸ்வே" என்று சொல்ல வேண்டும். கிளம்பு என்று பொருள். மற்ற வண்டிகளில் ஸ்பேர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். கனகாம்பாள் கத்தியதில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் உப்பு கேட்பதுபோலத்தான் சொல்வார். குழந்தைவேலுவின் கால் அந்தக் குரலுக்கே பழகியிருந்தது. அவர் யோசிக்கும் முன்பே கால் மிதித்துவிடும்.

போன மழைக்காலத்தில் மூன்று நாள் காய்ச்சலில் கனகாம்பாள் போய்விட்டார். காரியங்கள் முடிந்த மறுநாள் குழந்தைவேலு வண்டியை வீட்டுப் பக்கத்தில் நிறுத்தினார். ஆறு மாதம் அது நின்ற இடத்திலேயே நின்றது. குழந்தைவேலு அழவில்லை. சோறு வைத்தால் சாப்பிட்டார். யாராவது பேசினால் கேட்டார். மவுலமியைனில் இருக்கும் மகள் சத்யபாமா, "வண்டிய வித்துட்டு இங்க வந்துருங்கப்பா" என்று சொல்லியனுப்பியபோது, அதுவும் சரி என்றே தோன்றியது. வேறு எதுவும் சரி என்று தோன்றாததால் அப்படித் தோன்றியிருக்கலாம்.

அப்போதுதான் படகுப் பட்டறை வைத்திருக்கும் ஊ மியின்ட் வந்தார். முந்தைய ஆண்டுப் புயலில் படகிழந்தவர்களுக்காக அவர் படகுகள் கட்டிக்கொண்டிருந்தார். அவற்றைப் பாலத்துக்கு அப்பால் தன்லியின் ஊர் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோக, நீண்ட கழுத்துள்ள ஒரு டிரெய்லரும் வைத்திருந்தார். இழுக்க வண்டி இல்லை. சனிக்கிழமை ஒரு படகு போக வேண்டும். பிற்பகல் ஒரு மணிக்கு ஆற்றில் நீர் ஏறும். அதற்குள் கரையில் நின்றால் இரண்டு வருடத்துக்கு வேலை நிச்சயம். நிற்காவிட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்வார்.

"பாக்கலாம்" என்றார் குழந்தைவேலு. அது ஒப்புதலா மறுப்பா என்று அவருக்கே தெரியாது. ஒன்று மட்டும் தெரிந்தது. சனிக்கிழமை ஓட்டினால் ஓட்டுவார். இல்லையென்றால் இனி எப்போதும் ஓட்டமாட்டார்.

நகரத்தின் லான்மடாவில் வண்டி பழுதுபார்க்கும் அப்துல் பாரியின் பட்டறை. டிரெய்லர் மாட்ட வசதி செய்துகொள்ள, வண்டியை அங்கே கொண்டுபோக விடிவதற்குமுன் கிளம்பினார். தெருவில் எதுவும் இல்லாததால் எதையும் முந்த வேண்டியிருக்கவில்லை. பாரி வந்து கதவு திறக்கும்வரை வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

"வாங்கண்ணே. வண்டிக்கு உசுரு இருக்கா?"

"இருக்கு."

"ஒங்களுக்கு?"

குழந்தைவேலு வண்டியிலிருந்து இறங்கினார். பாரி உள்ளே போய் இரண்டு இரும்புத் தட்டுகளை இழுத்துவந்து போட்டார். குதிரை லாடம்போல் ஒரு பக்கம் பிளந்த, கனத்த தட்டுகள். பிளவின் நடுவே இரும்புத் தாடை. டிரெய்லரின் கழுத்திலிருந்து தொங்கும் முளை அந்தத் தாடைக்குள் வந்து விழுந்தால் தாடை கவ்விக்கொள்ளும்.

"துறைமுகத்து லாரிக்காரங்க இத ஃபிஃப்த் வீலுன்னு சொல்லுவாங்க. அஞ்சாவது சக்கரம். சுத்துமான்னு கேக்காதீங்க, சுத்தாது. எங்க மாமனார் மாதிரி, உக்காந்த எடத்துலயே பாரம் தாங்கும்."

"பின்னால ஒரு கொக்கி வச்சா போதாதா?"

"அந்த டிரெய்லருக்கு ஆகாது. கழுத்து வந்து தட்டுக்குள்ள உக்காரணும். அதுவுமில்லாம, கொக்கியில மாட்டினா பாரமெல்லாம் வாலுல தொங்கும், முன்சக்கரம் தரைய விட்டுக் கெளம்பும். இத பின் அச்சுக்கு ரெண்டு விரல் முன்னால வச்சா பாரம் நாலு சக்கரத்துக்கும் பிரியும். எந்தத் தட்டுன்னு நீங்க சொல்லுங்க. இது நின்ன எடத்துலயே நிக்கும். அந்த இன்னொண்ண நெம்புகோலத் தள்ளிப் பின்னால நகத்தலாம்."

"எதுன்னாலும் வை."

"அப்படியெல்லாம் வைக்கமாட்டேன். ஒங்க வண்டி பின்தட்டு குட்டை. நகராத தட்ட வச்சிட்டு முடுக்குல திருப்பினீங்கன்னா டிரெய்லரோட மூக்கு வந்து பின்கண்ணாடிய ஒடைக்கும். நா சொல்லிட்டேன். இப்ப நீங்க சொல்லுங்க."

குழந்தைவேலு இரண்டையும் பார்த்தார். ஒன்றைக் காட்ட வேண்டும் என்பதற்காகக் கையை நீட்டினார். நகரும் தட்டின்மேல்தான் விரல் நின்றது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் பாரி.

தட்டு வைக்க வேண்டுமானால் கூரையும் பலகை இருக்கைகளும் போக வேண்டும். பதினாறு ஆண்டாகப் பயணிகளின் லொஞ்சிகள், அந்த ஊர்க் கைலிகள், உரசி உரசி எண்ணெய் தேய்த்ததுபோல் மினுங்கிய பலகைகள். பாரி ஒவ்வொரு திருகாகக் கழற்றும்போது ஓரக்கண்ணால் அவர் முகத்தைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. குழந்தைவேலுவும் தமக்குள் தேடிப் பார்த்தார்; ஏதாவது வலிக்கும் என்று எதிர்பார்த்தார். பலகைகள் சுவரில் சாய்ந்து நின்றன. அவ்வளவுதான்.

பின்தட்டின் தகரத்தில் மட்டும் பூட்டினால் முதல் மேட்டிலேயே பிய்ந்துவிடும் என்பதால், தகரத்தைத் துளைத்துக் கீழே உள்ள சேசிஸ் சட்டத்தில் குறுக்கு இரும்புகளைப் போல்ட்டால் இறுக்கினார் பாரி. பற்றவைக்க மறுத்துவிட்டார், சூட்டில் சட்டம் பலமிழக்கும் என்றார். ஊ மியின்ட்டின் ஆட்கள் டிரெய்லரைத் தள்ளிக்கொண்டுவந்து விட்டார்கள். முளை தாடைக்குள் விழுந்து 'டக்' என்று பூட்டிக்கொண்டது. டிரெய்லரின் சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, கவ்வல் உறுதிதானா என்று பார்க்க வண்டியை ஒரு முறை இழுத்துப் பார்க்கச் சொன்னார் பாரி. இழுக்கச் சைகையாகப் பின்தட்டில் ஸ்பானரால் இரண்டு தட்டுத் தட்டினார். வண்டி முன்னே முண்டியது, டிரெய்லர் விடவில்லை.

"பிடிச்சிருச்சு" என்றார் பாரி.

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தகுந்த கதை ஒன்று உண்டு. ஓர் எருது நெடுங்காலம் நுகத்தின் வலப்பக்கத்திலேயே பூட்டப்பட்டிருந்தது. இடப்பக்க எருது ஒருநாள் இல்லாமல் போயிற்று. அதன்பின் நுகத்தைக் கழற்றி எருதைச் சும்மா விட்டார்கள். அகலமான பாதையில் அது வலப்பக்க ஓரமாகவே, வேலியில் உடம்பு கீற நடந்தது. வழியில் கண்ட நரி, "இவ்வளவு இடம் காலியாகக் கிடக்கிறதே, நடுவில் நடக்கலாகாதா?" என்றது. எருது திரும்பிப் பார்த்துவிட்டு, "எங்கே காலி?" என்று கேட்டதாம்.

சனிக்கிழமை காலையில் படகை டிரெய்லரில் ஏற்றிக் கட்டினார்கள். பாரி கூடவே வருவதாகச் சொல்லியிருந்தார். இடப்பக்கக் கதவைத் திறந்தவர், இருக்கையில் பழைய லொஞ்சியில் தைத்த சிறு மெத்தை ஒன்று கிடப்பதைப் பார்த்தார். அது யாருடையது என்று அவருக்குத் தெரியும். கதவை மெல்ல மூடினார்.

"நான் படகுல ஏறிக்கிறேண்ணே. தட்டப் பாத்துக்கிட்டே வரலாம்."

அப்படியே ஒரு குடையோடு படகுக்குள் போய் உட்கார்ந்தார். தெருவிலிருந்தவர்கள் சிரித்தார்கள். "கோ பாரி, எந்தக் கடலுக்கு?" என்று தேநீர்க் கடைக்காரர் பர்மிய மொழியில் கேட்டார். பாரி குடையை உயர்த்திக் காட்டினார்.

பாலத்துக்கு முன்னால் வரும் சாலைவரை ஒன்றும் நேரவில்லை. குழந்தைவேலு யாரையும் முந்தவில்லை; சைக்கிள் ரிக்‌ஷாவுக்குப் பின்னால்கூட அதன் வேகத்திலேயே போனார். அங்கே ஒரு மணல் லாரி அச்சு முறிந்து நடுவழியில் நின்றிருந்தது. இனி இடப்பக்கம் ஒதுங்கி அதைச் சுற்றித்தான் போக வேண்டும். லாரியின் பின்கதவைத் தவிர அவர் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

வண்டியை நிறுத்தினார். காத்திருந்தார்.

பின்னால் ஒரு பேருந்து ஹார்ன் அடித்தது. பிறகு இரண்டு. அவர் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவசரமில்லை, பதற்றமும் இல்லை. வழக்கமாகக் காத்திருப்பதைப் போலத்தான் காத்திருந்தார். கால் மணி நேரம் ஆயிற்று. ஆற்றில் நீர் ஏறத் தொடங்கியிருக்கும்.

பாரி படகிலிருந்து குதித்து, இடப்பக்கக் கண்ணாடி ஓரமாக வந்தார். "என்னண்ணே? எஞ்சின் சூடாயிருச்சா?"

"இல்ல."

"வழி இருக்கே. ஏன் நிக்கிறீங்க?"

"அவ இன்னும் சொல்லல."

சொன்ன பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்பது குழந்தைவேலுவுக்குக் கேட்டது. மெத்தையைப் பார்த்தார். அதன் நடுவே பள்ளம் அப்படியே இருந்தது. பேருந்துக்காரன் பர்மிய மொழியில் வைத வசவுகள் மட்டும் தெளிவாகக் கேட்டன.

"நான் உக்காரட்டுமாண்ணே?" என்றார் பாரி கடைசியில். மெத்தையை எடுத்து ஓரமாக வைக்கக் கையை நீட்டினார்.

"எடுக்காத."

பாரியின் கை நின்றது.

"அதுமேலயே உக்காரு. இல்லாட்டி ஸ்பிரிங்கு குத்தும்."

பாரி ஏறி உட்கார்ந்தார்; சுடுசட்டிமேல் உட்காருபவர் போலத்தான் உட்கார்ந்தார். தலையை வெளியே நீட்டினார். எதிரே ஒரு பேருந்தைப் போக விட்டார், ஒரு மோட்டார் வண்டியையும் போக விட்டார். பிறகு, பட்டறையில் சம்மட்டி ஓசைக்கு மேல் கத்திப் பழகிய தொண்டையால், "ஸ்வே!" என்றார்.

குழந்தைவேலுவின் கால் அசையவில்லை. அது வேறு குரலுக்குப் பழகிய கால். பிறகு அவர் தாமாகவே, யோசித்து, முதல் முறையாக ஓட்டக் கற்றுக்கொள்பவரைப் போல, காலை மிதித்தார். பின்னால் இரும்புத் தட்டு பாரத்தை ஏற்று ஒருமுறை முனகியது. படகு இடப்பக்கம் ஒதுங்கி, லாரியைச் சுற்றிக்கொண்டு வந்தது.

தன்லியின் கரையில் நீர் தளும்பிக்கொண்டிருந்தது. ஊ மியின்ட்டின் ஆட்கள் படகை இறக்கினார்கள். அது நீரில் ஒரு முறை ஆடி நிலைகொண்டது. குழந்தைவேலு பார்த்துக்கொண்டு நின்றார். மகிழ்ச்சி என்று சொல்ல ஒன்றுமில்லை. படகைக் கட்டியிருந்த கயிற்றைத் தாமே சுருட்டி எடுத்தார்.

"திங்கட்கிழமை இரண்டு படகு" என்றார் ஊ மியின்ட். பாரியைக் காட்டி, "இவர்தான் உங்கள் ஸ்பேரா?" என்று கேட்டார்.

"ஐயோ, நான் பட்டறைக்காரன். கடையப் பூட்டிட்டு வந்திருக்கேன்" என்றார் பாரி.

திரும்பும்போது டிரெய்லர் காலியாகப் பின்னால் உருண்டது. பாலத்தின் நடுவில் குழந்தைவேலு பேசினார். "பாரி."

"சொல்லுங்கண்ணே."

"எனக்கு ஒரு ஸ்பேர் வேணும். யாராச்சும் இருந்தா சொல்லு."

"பத்துப் பேரு இருக்கான். எந்த மாதிரி ஆளு வேணும்?"

குழந்தைவேலு கியர் மாற்றினார்.

"கத்தாத ஆளாப் பாரு" என்றார்.