பாலத்தருகே நின்ற அழுகை

பெற்றவள் இறந்தால், வெளியூரில் இருக்கும் மகள் ஊர் எல்லையிலேயே கூந்தலை அவிழ்த்துவிட்டு, வாய்விட்டு அழுதபடி வீடுவரை நடந்து வர வேண்டும். ஆண்டோங் பக்கத்துப் பெரிய குடும்பங்களில் அது மாறாத வழக்கம். மூத்த மகன் பிணத்தருகிலிருந்து நகரக்கூடாது என்பதும் வழக்கம்தான். ஆனாலும் அன்று காலை க்வாக் பியோங்ஹாக் சணல்துணி துக்க உடையோடு ஊருக்கு வெளியே போய், பாலத்தருகே தங்கைக்காகக் காத்து நின்றார்.

சியோல் பேருந்திலிருந்து இறங்கிய மியோங்சுக்கின் கை கொண்டை ஊசிக்குப் போயிற்று.

"அவிழ்க்காதே," என்றார் அவர். "சத்தம் போடாம வா."

"அண்ணா, அம்மாவுக்கு..."

"உன் குரலைக் கேக்க ஊரே வாசல்ல கூடியிருக்கு. சாவுக்கு வந்த கூட்டம் இல்ல அது. நம்ம வீட்டு வாசல் நாடகக் கொட்டகை இல்ல."

அவள் கையை இறக்கிக்கொண்டாள்.

சியோல் வானொலி நிலையம் குரல் நடிகர்களுக்கு வைத்த தேர்வில் அவள் தேறிய அன்று, நிமிர்ந்த முதுகோடு அமர்ந்திருந்த அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: க்வாக் என்ற பெயர் ஒலிபெருக்கியில் வரக்கூடாது. அவளும் எதிர்த்துப் பேசவில்லை. யுன் ஹேரான் என்று பெயர் வைத்துக்கொண்டாள். நாடகங்களில் முதலில் கூட்டத்தில் ஒரு கூச்சல், பிறகு சிறுபையன்களின் குரல், பிறகு மருமகள்கள், விதவைகள், மொழிமாற்றுப் படங்களில் வரும் வெள்ளைக்காரச் சீமாட்டிகள். அவள் அழுதால் சந்தையில் வியாபாரம் நின்றுவிடும் என்பார்கள். முகத்தை யாருக்கும் தெரியாது. அழுகையை நாடே அறியும். அம்மா அடுப்படியில் வானொலியைத் தணித்து வைத்துக் கேட்பாள். பியோங்ஹாக்குக்கு அது தெரியும். தெரியாதவர்போலவே இருந்துவிட்டார்.

துக்க வீட்டில் அழுகைச் சத்தம் ஓயவே கூடாது. பாட்டனார் காலத்தில் வீட்டார் களைத்தால் அடிமைப் பெண்கள் முறைபோட்டு அழுவார்களாம். அதை நினைவில் வைத்திருந்த அத்தை, மியோங்சுக் உள்ளே வந்ததுமே தன் பக்கத்தில் இருந்தவளிடம், எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: "அந்த அடிமைச்சிங்க பாத்த வேலைய இப்ப வீட்டுப் பொண்ணே சம்பளத்துக்குப் பாக்குது. பாப்போம், பெத்தவளுக்கு ஓசியில அழுவாளான்னு."

பியோங்ஹாக் அத்தையை அடக்கவில்லை. தங்கையின் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றுமே இல்லை.

பிறகு அவள் வாயே திறக்கவில்லை. சவப்பெட்டிக்கு முன் மற்றவர்கள் 'ஐகோ, ஐகோ' என்று ஓலமிட்டபோது, அவள் தலையைக் குனிந்து சணல்துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஒலிவாங்கி முன் நின்று காகிதம் சலசலக்காமல் பக்கம் புரட்டிப் பழகிய விரல்கள். துணி மடிபடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று ஊர் பேசியது. அதுவும் அவர் காதில் விழுந்தது. குடும்பத்துக்கு அந்தப் பேச்சு நல்லது என்றே அப்போது நினைத்தார்.

தங்கையின் பங்கு அழுகையையும் தானே சுமந்ததில் அவர் தொண்டை கட்டிப்போயிற்று. மலைச்சரிவில் குழிக்குள் பெட்டியை இறக்கும்போது, தலைமகன் எழுப்பவேண்டிய ஓலம் வெறும் காற்றாக வந்தது. மற்றவர்களும் அவரைப் பார்த்து நிறுத்திவிட்டார்கள். பனியில் உறைந்த மண்ணை வெட்டும் சத்தம் மட்டும்தான். குலத்துப் பெரியவர் ஒருவர் தடியை ஊன்றிக்கொண்டு கேட்டார்: "என்னப்பா, இந்த வீட்டு மகாராசிக்கு அழ ஆளில்லையா?"

பியோங்ஹாக் அந்தக் கேள்வியில் கூசிப்போனார். தங்கை பக்கம் திரும்பினார். வாழ்நாளில் அவளிடம் எதையும் கேட்டறியாதவர்.

"மியோங்சுக்," என்றார் அடைத்த குரலில். "நீ அழும்மா."

அவள் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. அருகில் வந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"பாலத்துல வந்துது அண்ணா. நீங்க நிறுத்தச் சொன்னீங்க. இப்ப வரமாட்டேங்குது."

"எப்படியாவது..."

"வரவழைக்கத் தெரியும். இப்பவே, நீங்க சொல்ற மாதிரி. அது தொழில் அழுகை. அதை அம்மாவுக்குப் போடமாட்டேன்."

அவள் முதுகு அப்பாவின் முதுகைப் போலவே நிமிர்ந்திருந்தது. ஒரு குரலும் எழாமலே மண் விழுந்தது. அன்று மாலைப் பேருந்திலேயே அவள் புறப்பட்டுப் போனாள். பாலம்வரை அவர் கூடப் போனார்.

அம்மாவின் ஆவி தங்குவதாக நம்பும் பெயர்ப்பலகை வைத்த அறையில் காலையும் மாலையும் சோறும் சூப்பும் படைத்து அழுவது துக்க காலம் முழுவதும் மகனின் கடமை. ஒரு மாலை படையலை வைத்த பியோங்ஹாக், அடுப்படிக்குப் போய் அந்தப் பழைய வானொலியை எடுத்து வந்தார். மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள். அதைப் பெயர்ப்பலகை முன் வைத்தார். குமிழைத் திருப்பி, வாசல்வரை கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினார். நாடகம் தொடங்கியது. நடிகர் பட்டியலில் யுன் ஹேரான் என்று சொன்னார்கள்.

மண்டியிட்டுத் தலைகுனிந்து அவள் அழுகைக்காகக் காத்திருந்தார்.

அன்றைய பகுதியில் அவள் மீன்காரியாக வந்தாள். பேரம் பேசினாள், வம்பளந்தாள், வயிறு குலுங்கச் சிரித்தாள். முடியும்வரை அவர் எழவில்லை. அழுகை வரவே இல்லை. படையலில் வைத்த சூப்பு ஆறிப்போயிருந்தது.