மச்சானுக்கும் கொடுக்கக் கூடாத பேனா

இலைசாவுக்கு 'இல்லை' என்ற சொல் வாயில் வராது. அவன் பிறந்த அன்றே அந்தச் சொல்லை யாரோ கெரெகெரெ கேட்டு வாங்கிப் போய்விட்டார்கள் என்பாள் மனைவி அகானிசி. கண்டாவுத் தீவில் உறவுக்காரன் "கெரெகெரெ" என்று வாய் திறந்தால் கேட்டதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கொடுக்காதவன் முகத்தில் ஊரே விழிக்காது. இலைசாவின் படகு இயந்திரம் அப்படித்தான் போனது. சர்ச்சுக்குப் போடும் பூச்சட்டை போனது, கிழங்கு அவிக்கும் அண்டா போனது. அதற்கெல்லாம் அவன் வருத்தப்பட்டதே இல்லை.

மகள் உனைசியின் கல்யாணத்தன்றுதான் வசமாக மாட்டிக்கொண்டான். சர்ச்சில் மோதிரம் மாற்றியாகிவிட்டது. லோவோ குழியைத் திறந்ததும் சுடுகல்லில் வெந்த பன்றிக்கறி வாசனை ஊரையே இழுத்து வந்துவிட்டது. இலைசா பந்தலோரம் ஒதுங்கி, இன்சுலின் பேனாவில் புது ஊசி மாட்டி, ஒரு சொட்டை வெளியே பீய்ச்சிப் பார்த்து, வயிற்றில் குத்தி மெதுவாகப் பத்து எண்ணினான். ஊசியைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு நிமிர்ந்தால், எதிரே சகியூசா நிற்கிறான்.

சகியூசா அகானிசியின் அண்ணன், தீவின் அந்தக் கோடியில் இருப்பவன். மச்சான்கள் இருவரும் சந்தித்தால் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிடாமல் இருக்கமாட்டார்கள். சகியூசாவுக்கும் சுகர்.

"டேய் வத்தல் மீனு, கெரெகெரெ. அந்தப் பேனாவக் குடு."

"உன்னோடது எங்கடா?"

"காலையில படகேறுறப்ப பெரியப்பா மவன் கேட்டான், குடுத்துட்டேன். புது ஊசி என்கிட்ட இருக்கு, பயப்படாத. ஒரே ஒரு குத்து."

மருந்தகத்து நர்ஸ் வசெமாதா இலைசாவிடம் இதைப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஊசியை மட்டும் மாற்றினால் போதாது. குத்தும்போது கண்ணுக்குத் தெரியாத ரத்தம் உள்ளே மருந்துக் குழாய்க்கே ஏறிவிடும். ஒருத்தர் நோய் இன்னொருத்தருக்குப் போய்விடும். ஒரு பேனா ஒரே ஆளுக்குத்தான், பெண்டாட்டிக்குக்கூடக் கிடையாது.

பாயில் உட்கார்ந்திருந்த சம்பந்திகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்ல," என்றான் இலைசா.

விருந்துக்கு யங்கோனா வேர்ப்பானம் கலக்கிக்கொண்டிருந்தவன் கைகூட நின்றுவிட்டது. சகியூசாவின் முகம் கறுத்தது.

"பொண்ணு கல்யாணத்துல தாய்மாமனுக்கா இல்லங்கிற?"

"வீட்டக் கேளு, எழுதித் தர்றேன். பன்னி அத்தனையும் ஓட்டிட்டுப் போ. இது என் ரத்தம் ஏறுன பேனாடா. எனக்குன்னு இருக்கிற மச்சான் நீ ஒருத்தன். உனக்கு என் கையாலயே சீக்க ஏத்தவா?"

சகியூசாவின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனான் இலைசா. கல்யாண ஆட்டத்தின் முன்வரிசையில் இடுப்பை ஒடித்துக்கொண்டிருந்த வசெமாதா, தலையில் பூவோடு அப்படியே வந்து மருந்தகத்தைத் திறந்தாள். ஊசி போட்டவன் சாப்பிடாமல் நிற்கக் கூடாது என்று அகானிசி பின்னாலேயே ஓடிவந்து இலைசாவின் வாயில் சேப்பங்கிழங்கைத் திணித்தாள். வசெமாதா சகியூசாவின் சுகரைப் பார்த்தாள். அவன் ஊர் மருந்தகத்துக்குப் போன் போட்டு என்ன மருந்து, எவ்வளவு என்று கேட்டுக்கொண்டாள். பெரியப்பா மகன் அந்தப் பேனாவைத் தொடவே கூடாது என்று சொல்லி அனுப்பினாள். பிறகுதான் புதுப் பேனா ஒன்றை எடுத்து, அதன்மேல் சகியூசா என்று பெரிதாக எழுதிக் கொடுத்தாள்.

ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்த சகியூசா வாயே திறக்கவில்லை. வாழ்நாளில் முதன்முதலாக மச்சான் வசவுக்காக இலைசா ஏங்கினான். இந்த உறவு இன்றோடு அறுந்துவிட்டது என்றே நினைத்தான்.

பந்தல் வாசலில் மணப்பெண் இடுப்பில் கைவைத்து நின்றாள். நடந்ததெல்லாம் அவள் காதுக்கு எட்டியிருந்தது.

"மாமா, கெரெகெரெ. அந்தப் புதுப் பேனா எனக்கு வேணும்."

தங்கை மகள் கேட்டால் தாய்மாமன் வீட்டுத் தூணையே பெயர்த்துக் கொடுக்க வேண்டும், அதுவும் கல்யாணத்தன்று! சகியூசாவின் கை பழக்கத்தில் பாதி நீண்டுவிட்டது. பாதியில் நின்றது. பேனாவை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"இல்ல தாயி," என்றான்.

உனைசி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "இப்பத்தான் மாமா நிம்மதி. என்கிட்டயே இல்லன்னு சொல்லிட்டீங்க, இனிமே எவன் கேட்டாலும் சொல்லிருவீங்க."

பந்தலே சிரித்துக் கை தட்டியது. சகியூசா கண்ணைத் துடைத்துக்கொண்டு மச்சான் பக்கம் திரும்பினான்.

"ஏண்டா, இந்த ஒரு சொல்ல சொல்றதுக்கு இவ்வளவு வலிக்குமா?"

"உன்கிட்ட சொன்னப்ப எனக்கு உசிரே போச்சுடா," என்றான் இலைசா.