பின்னால் கட்டிய கைகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: பழிவாங்கத்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். மூன்றாம் வகுப்பில் விரல் விட்டு எண்ணியதற்காக என் விரல் முட்டியில் ஸ்கேலால் அடித்த ஒருவர் இருந்தார். (ஸ்கேலின் விளிம்பால். இதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.) அவருக்கு ஜெயபாய் என்று பெயர் வைத்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் குடிவைத்து, தினமும் காலைப் பேருந்தில் ராஜபாளையத்துப் பள்ளிக்கு அனுப்பினேன். உட்கார இடம்கூடக் கொடுக்கவில்லை.

முதல் வரி இது: ஜெயபாய் டீச்சர் ஈவிரக்கமில்லாத...

அதற்கு மேல் ஓடவில்லை. எழுத எழுத அந்த அம்மாளைப் பிடித்துப்போய்விட்டது. ஓய்வு பெற இரண்டே வருடம். இந்த வயதில் பயிற்சி வகுப்பின் முன்வரிசையில் உட்கார்ந்து புது முறைகளைக் கற்றுக்கொண்டு வருகிறவரை எப்படி வெறுப்பது? புளியங்கொட்டையில் கூட்டல், மாம்பழத்தை வெட்டிப் பின்னம். இப்போதெல்லாம் பிள்ளைகள் கணக்குப் பாடத்துக்கு ஆசையாகக் காத்திருக்கிறார்கள்.

2

பெற்றோர் கூட்டம். நாலாம் வகுப்பு மாரிக்கனியின் அம்மா பாண்டிசெல்வி மில் யூனிஃபார்மோடு வந்திருந்தாள். இருபது வருடத்துக்கு முன் இதே டீச்சரிடம் படித்து, கணக்குக்குப் பயந்தே ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனவள். டீச்சருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

(முதல் வரைவில் அவளுடைய ஒரு விரலை மில் மிஷினுக்குக் கொடுத்திருந்தேன். உங்களை அழவைக்கும் ஆசைதான். வெட்கமாகிப்போய் விரலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.)

“எல்லாரும் கைய நீட்டுங்க பாப்போம்,” என்றார் டீச்சர். “ஒம்பதாம் வாய்ப்பாடு. நாலொம்பது எம்புட்டு? இடது பக்கத்துலருந்து நாலாவது விரல மடக்குங்க. இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் ஆறு. முப்பத்தாறு!”

பெற்றோர்கள் சிரித்தபடி மடக்கினார்கள். பாண்டிசெல்வி மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“எம்மா, நீயும் மடக்கும்மா,” என்றாள் மாரிக்கனி.

“டீச்சர் அடிப்பாவ.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. டீச்சருக்கும் கேட்டுவிட்டது. கணக்குச் சொல்லும்போது கையைப் பின்னால் கட்ட வேண்டும் என்பது அந்தக் காலத்தில் அவர் வகுப்பில் சட்டம். விரலில் எண்ணுகிற பிள்ளை உருப்படாது, வாய்ப்பாடு மண்டையிலிருந்துதான் வரவேண்டும் என்று மனதார நம்பியவர் அவர். பாண்டிசெல்வியின் முகம் நினைவுக்கு வருமுன்பே அந்தக் கைகள் நினைவுக்கு வந்தன.

3

கூட்டம் கலைந்ததும் பாண்டிசெல்வி கோபமாக...

இல்லை, கோபமாக வரமாட்டேன் என்கிறாள். தயங்கித் தயங்கித்தான் மேசையருகே வந்தாள். பத்து விரலையும் விரித்து, நாலாவதை மடக்கி, இரண்டு பக்கமும் எண்ணிப் பார்த்தாள்.

“இம்புட்டு லேசா டீச்சர்? அன்னைக்கே இதச் சொல்லித் தந்திருந்தா நானும் படிச்சிருப்பேன்ல?”

“அப்ப எனக்கே தெரியாதும்மா” என்று எழுதிப் பார்த்தேன். உண்மைதான், இருபது வருடத்துக்குப் போதவில்லை. டீச்சரை அழவைத்தேன். உடனே பாண்டிசெல்வி அவரைத் தேற்றத் தொடங்கிவிட்டாள். அவளுக்கு அந்த வேலை வேறா? பேசாமல் இருக்கவிட்டால், பதில் சொல்லத் தெரியாத பிள்ளை மாதிரி நிற்கிறார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

“செல்வி, அன்னைக்கு நான்...”

என்னால் இவ்வளவுதான் முடிந்தது. பள்ளி வாசலில் மில் வேன் ஹாரன் அடிக்கிறது. ஷிஃப்டுக்கு நேரமாகியும் அவள் போகாமல் டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

நீங்களாவது ஏதாவது சொல்லுங்கள். வேன் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்காது.