கட்டைவிரலுக்கான கட்டம்

1.

கிள்ளானிலுள்ள அந்தக் கையுறைத் தொழிற்சாலையில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு: வாயிலிலுள்ள ரேகை இயந்திரம் அறியாத விரல்களைப் பற்றி எவரும் வாய் திறக்கலாகாது.

இக்கதை அந்த விதியிலிருந்து பிறந்ததாக முதல் வரைவில் எழுதினேன். அது பொய். 'கைநாட்டு' என்ற சொல்லிலிருந்துதான் பிறந்தது. அந்த இழிசொல்லுக்கு அஞ்சியே வீரம்மா நாற்பது வயதில் கோயில் மண்டபத்து மாலை வகுப்பில் உட்கார்ந்து தன் பெயரை எழுதக் கற்றாள். 1997இல் தொழிற்சாலைக்குச் சில்லு பதித்த வருகை அட்டை வந்தது. அது கையெழுத்தைக் கேட்கவில்லை. மறுபடியும் கட்டைவிரலைக் கேட்டது.

2.

(கைவிட்ட தொடக்கம்: "இயந்திரத்தின் சிவப்புக் கண் அவளை..." வேண்டாம். கண் வைத்தால் பழியும் இயந்திரத்தின் மேலேயே போய்விடும்.)

பன்னிரண்டு ஆண்டுகள் அமிலத் தொட்டியில் கையுறை அலசிய விரல்கள் அவளுடையவை. பதிவு நாளில் மூன்று முறை அழுத்தியும் இயந்திரம் மறுத்தது.

"நம்ம ரேகையெல்லாம் தொட்டி தின்னுடுச்சுக்கா," என்றாள் வரிசையில் பின்னால் நின்ற நல்லம்மாள். "இனி எந்த ஜோசியக்காரனும் நம்மள ஏமாத்த முடியாது."

வீரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அட்டை இல்லையேல் வேலை இல்லை. நேரப் பதிவு எழுத்தர் புனிதவதி சுற்றிலும் பார்த்துவிட்டு, அவளுடைய அட்டைக்குத் தன் விரலைப் பதித்தாள். அப்படியே ஐந்து பேருக்கு. அன்றிலிருந்து காலைதோறும் வாயிலில் நின்று ஐவருக்காகவும் அவளே அழுத்தினாள்.*

* இங்கே புனிதவதியைத் தியாகியாக்கும் ஆசை எழுகிறது. அவளுக்குக் கால் வலித்தது. ஒரு நாள்கூட லீவு எடுக்க முடியாத சலிப்பும் இருந்தது. அவ்வளவே.

3.

ஏழாம் மாதம், இயந்திரத்தைப் பொருத்திய நிறுவனத்திலிருந்து சபாபதி சோதனைக்கு வந்தான். ஐந்து அட்டைகளில் ஒரே விரல். வராதவர்களை வந்ததாகக் காட்டினாள் என்று புனிதவதிமேல் பழி விழுந்தது. அவளை அறைக்கு வெளியே நிற்க வைத்துவிட்டு, வீரம்மாவிடம் ஒரு தாளை நீட்டினான்.

"ஆன்டி, உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு இதுல இருக்கு. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. இந்தக் கட்டத்துல ஒரு கைநாட்டு வைங்க, முடிஞ்சது லா."

காகிதம் இயந்திரம்போல் அன்று. மங்கிய மையையும் ஏற்கும். ஒரு வரைவில் அவள் மை தொட்டாள். புனிதவதி வேலையிழந்து பூச்சோங்குக்கு பஸ் ஏறினாள். இன்னொன்றில் வீரம்மா மயங்கி விழுந்தாள். அது என் கோழைத்தனம். அவள் பேசுவாள் என்று நான் நம்பவில்லை. அவ்வளவு களைத்திருந்தாள்.

4.

மறுநாள் வாயில் திறந்ததா என்பதற்கு என்னிடம் வரைவு இல்லை. அங்கே அவளுடன் நீங்கள்தான் நிற்க வேண்டும். என்னிடம் இருப்பது இவ்வளவே:

வீரம்மா மைப்பெட்டியைத் தள்ளி வைத்தாள்.

"எனக்குத் தெரியும் தம்பி," என்றாள், வெளியில் நிற்பவளுக்கும் கேட்கும்படி. "அது புனிதா விரல்தான். எங்க அஞ்சு பேர் விரலும் உங்க மெஷினுக்குத் தெரியல. ஆனா நாங்க ஒரு நாள் விடாம வந்தோம். தொட்டியக் கேளு."

"ஐயோ, மெதுவா பேசுங்க ஆன்டி. கைநாட்டு மட்டும்..."

"கைநாட்டு இல்ல. பேனா குடு."

'ஒன்றும் தெரியாது' என்ற வரியை அடித்தாள். கட்டைவிரலுக்கான கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். இடம் போதவில்லை; 'மா' கோட்டுக்கு வெளியே நின்றது.