ஈரம் காயாத கார்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குப் பாகூர் பஸ்ஸில் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று என் பக்கம் திரும்பி, "எங்க பெரியம்மா வூட்டுல வெள்ளக்காரன் காலத்துல ஒரு காரு இருந்துதுபா. ஒரு நாளும் அதுல பெயிண்ட்டு காஞ்சதே கெடையாது" என்றார். ஏன் என்று கேட்பதற்குள் அவருடைய ஊர் வந்துவிட்டது, இறங்கிப் போய்விட்டார். மனுஷனா அவர்? மிச்சத்தையெல்லாம் நானே கற்பனை செய்து தொலைக்க வேண்டியிருக்கிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த பாகூர் கொம்யூனில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மோட்டார் வாகனங்களின் வருகையானது..." [சரித்திரப் பரீட்சையா எழுதுகிறேன்? வேண்டாம்.]

அடுத்து: "பாகூர் ஏரியின்மீது இளங்கதிர்கள்..." [ஏரிக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது பாட்டுக்குத் தண்ணீரோடு இருக்கட்டும்.]

மூன்றாவது: ருக்குமணிக்கு அந்தக் காரில் ஒரு தடவையாவது உட்கார்ந்து போக வேண்டும்.

இது போதும். இதை வைத்துக்கொண்டு சமாளிக்கிறேன்.

2

ருக்குமணி, பாகூர்க் கரும்புக்காரர் பலராமனின் மனைவி. கப்பலேறி ஊருக்குப் போன ஒரு துரையிடம் பலராமன் வாங்கிய பழைய கறுப்புக் கார் அது. ஓட்டிக்கொண்டு வந்து கீற்றுக் கொட்டகையில் விட்டதோடு சரி. காலையில் கிளப்பிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு அணைத்துவிடுவார். வெளியே எடுக்க மாட்டார். ஏனென்றால் இடது பக்க மட்கார்டில் புளியங்கொட்டை அளவுக்குப் பெயிண்ட் பெயர்ந்திருந்தது. "சொட்ட வுழுந்த வண்டில போயி எறங்கனா நாலு பேரு இன்னா பேசுவான்?" என்பது அவர் கட்சி.

நாலு பேர் பேசத்தான் செய்தார்கள். ஆனால் வேறு விஷயம். ஒவ்வொரு ஆடியிலும் ருக்குமணி வீராம்பட்டினம் தேருக்கு மாட்டு வண்டியில்தான் போய் இறங்குவாள். அவளுடைய அக்கா கஸ்தூரி கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, "கார்க்காரி வந்துட்டா, வழி வுடுங்க! மாட்டுக்குப் பெட்ரோலு ஊத்துங்க!" என்று கத்துவாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். ருக்குமணியும் சேர்ந்து சிரித்துவிட்டு, கோயிலுக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்துவாள். இந்த ஆடிக்கு எப்படியும் காரில்தான் போவது என்று புருஷனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

3

பெயிண்ட் பூச ஆள் வேண்டும். முதல் பிரதியில் கைதேர்ந்த, அதிகம் பேசாத, கண்ணில் ஞானம் ஒளிரும் ஒரு பெரியவரை வரவழைத்திருந்தேன். பிரஷ்ஷைத் தொட்டதுமே வாழ்க்கையைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னார். அப்போதே டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். பாகூரில் அன்றைக்குக் கார் இருப்பதே அபூர்வம். கார் பெயிண்டர் எங்கிருந்து வருவான்?

வந்தவன் தணிகைவேல். மாட்டுப் பொங்கலுக்கு ஊர் மாடுகளுக்கெல்லாம் கொம்புக்கு வர்ணம் அடிப்பவன். வந்ததும் காருக்கு முன்னால் போய் நின்று, கயிறு கேட்டான்.

"கட்டணும் ஐயா. பாதில தலய ஆட்டிடுச்சின்னா?"

"டேய், இது காருடா" என்றார் பலராமன்.

"எல்லாம் மொதல்ல அப்டிதான் சும்மா நிக்கும்."

முன் பம்பரைக் கொட்டகைத் தூணோடு சேர்த்துக் கட்டினான். (சத்தியமாக இது நான் திட்டமிட்டதில்லை. நான் அடுத்த வரியை யோசிப்பதற்குள் கட்டிவிட்டான்.)

சொட்டையில் பூசினான். புதுக் கறுப்பு பளபளவென்று இருந்தது. அதனாலேயே சுற்றியிருந்த பழைய கறுப்பு சாம்பல் பூத்தாற்போல் தெரிந்தது. சுற்றிலும் பூசு என்றார் பலராமன். மட்கார்டு முழுக்கப் பளபளத்தது, கதவு பல்லிளித்தது. சரி, கதவையும் பூசு. பிறகு பானெட். பிறகு அந்தப் பக்கம்.

* இந்த வியாதி எழுதுகிறவர்களுக்கும் உண்டு. மேலே "பல்லிளித்தது" என்பதை மாற்றலாமே என்று கை வைத்தேன். மாற்றினால் முந்தின வாக்கியம் சோகையாகத் தெரிந்தது. அதை மாற்றினால் அதற்கு முந்தினது... நல்லவேளை, சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

ஆடிக் காற்று வேறு தூசியை வாரி அடித்தது. அதுகூடப் பரவாயில்லை. பெயிண்ட் காய்ந்ததா என்று விரல் வைத்துப் பார்க்காமல் ஒருவராலும் இருக்க முடியவில்லை. பலராமன் வைத்தார். வாய்க்கால் தகராறு பேச வந்தவர் வைத்தார். பூசாரி திருநீற்று விரலையே வைத்தார். எல்லாரையும்விட அதிகம் வைத்தது ருக்குமணிதான். உலை கொதிப்பதற்குள் ஓடி வந்து கதவில் ஒரு விரல் வைத்துவிட்டுப் போவாள். விரல் பட்ட இடமெல்லாம் ரேகை. ரேகை விழுந்த இடமெல்லாம் மறுபடியும் பெயிண்ட்.

"சோறு பதம் பாக்கற மாதிரி பாத்துகினே இருந்தா எப்டிம்மா காயும்?" என்றான் தணிகைவேல்.

"ஒனுக்கு இன்னா, நீ தேருக்கு நடந்தே போயிடுவ. எனுக்குதான வயிறு எரியுது" என்றாள் ருக்குமணி.

4

ஒருவழியாகத் தேருக்கு முந்தின நாள் எல்லாம் காய்ந்தது. காரில் முகம் பார்த்துத் தலை வாரலாம் போலிருந்தது. தணிகைவேல் கயிற்றை அவிழ்த்துவிட்டு, பானெட்டில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினான். கதையை இங்கேயே முடித்துக்கொண்டு படுத்திருப்பேன். பலராமனின் அம்மா காசம்மாள் கொட்டகைக்குள் வந்துவிட்டாள்.

"ஐயையோ, ஊரு கண்ணெல்லாம் இதும்மேலதான் வுழும்! ஒரு கொறையும் இல்லாம வெச்சிருக்கீங்களே! திருஷ்டிப் பொட்டு வைங்கடா!"

கண்மையால் வைத்தார்கள். கறுப்புக் காரில் கறுப்புப் பொட்டு. வைத்தவர்களுக்கே அப்புறம் தெரியவில்லை. சுண்ணாம்பால் வைக்கலாம் என்றான் தணிகைவேல். "எந்தக் கொழந்தைக்குடா வெள்ளப் பொட்டு வெச்சி திருஷ்டி கழிஞ்சிருக்கு?" என்று சீறினாள் காசம்மாள். யோசித்தாள். இத்தனை நாளாகக் காரைக் காப்பாற்றி வந்ததே அந்தச் சொட்டைதான் என்று அவளுக்குப் புரிந்தது.

"பழையபடி ஒண்ணு பேத்து வுடு."

தணிகைவேல் அரிவாள் நுனியால் பெயர்த்துவிட்டான். அதே இடம், அதே அளவு.

தேர் அன்று காலையில் பலராமன் வந்து பார்த்தார். "சொட்ட!" என்று அலறினார். "பூசுடா! அந்தப் பக்கம் பூராவும் ஒரு இழுப்பு இழுத்துடு, ஒட்டுப் போட்டது தெரியக் கூடாது." தணிகைவேல் பூசினான். காசம்மாள் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்; காய்ந்ததும் மறுபடி பெயர்க்க வேண்டுமே. தணிகைவேலுக்கு யாருக்கும் மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லை. இன்றைக்குள் இது காயாது என்று பலராமன் மாட்டு வண்டியைப் பூட்டச் சொன்னார்.

5

ருக்குமணி பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூவோடு வந்து நிற்கிறாள். எதிரே மாட்டு வண்டி. முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ) அவள் மாட்டு வண்டியில் ஏறுகிறாள். தேரடியில் கஸ்தூரி கத்துகிறாள். [எழுதும்போதே கஸ்தூரியை ஓங்கி அறையலாம் போல் இருந்தது. அடித்துவிட்டேன், வரியை.]

ஆ) காரில் மாட்டைப் பூட்டி இழுத்துப் போகிறார்கள். [தணிகைவேலுக்கு மட்டும்தான் சந்தோஷம்.]

மூன்றாவதை நான் எழுதவில்லை. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ருக்குமணி போய், ஈரக் கதவை உள்ளங்கையால் பிடித்து இழுத்துத் திறந்தாள். ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஸீட்டுக்கு யாரும் பெயிண்ட் அடிக்கவில்லை. அது எப்போதுமே காய்ந்துதான் கிடந்திருக்கிறது. கதவில் ஐந்து விரலும் அப்படியே விழுந்திருந்தன. புடவைக் கரையெல்லாம் கறுப்பு.

"இது போதும்டா சாமி, இனிமே கண்ணு படாது" என்று காசம்மாள் முக்காலியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"எறங்கு ருக்கு, ஒரு நிமிசம்" என்றார் பலராமன். "அந்த எடத்த மட்டும் தொட்டு வுட்டுட்டுக் கெளம்பிடலாம்."

"நான் எறங்க மாட்டன்." ருக்குமணிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. "காருக்கு ஒரு கொறன்னா ஓடி ஓடிப் பூசறீங்க. எனுக்கு இன்னா கொறன்னு ஒரு நாளு கேட்டிருப்பீங்களா?"

பாவம், பலராமனுக்காக அவளை இறக்கிப் பார்த்தேன். "ருக்குமணி மெல்ல இறங்கி—" இறங்கவில்லை. "ஒரு நிமிஷம்தானே என்று ருக்குமணி—" ம்ஹூம். "கடைசியில் அவள் இற—"

முடியவில்லை. அவள் உட்கார்ந்தே இருக்கிறாள்.

தணிகைவேல் பிரஷ்ஷை டப்பாவில் தோய்த்துக்கொண்டு கதவை நோக்கி வருகிறான். இந்தக் காரை முன்னால் ஒரு இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்றினால்தான் கிளப்ப முடியும். கம்பி பலராமனின் கையில் இருக்கிறது. அவர் கண்ணோ அந்த ஐந்து விரல்மேல் இருக்கிறது. அவரை நம்பிப் பிரயோசனமில்லை. வீராம்பட்டினத்தில் தேர் புறப்படப்போகிறது.

நான் ஓடிப்போய்த் தணிகைவேலின் கையைப் பிடித்துக்கொள்கிறேன். கம்பியை நீங்கள் வாங்கிச் சுற்றுங்கள்.