மார்பில் நிழல்

அப்பாவின் கால்விரல் இடுக்கிலிருந்த மணலைக் குயென் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கி அவர்களுடைய படகின் எண்ணைச் சொன்னது. அடுத்து அவள் பெயர். அடுத்து, விடியலில் இறந்துபோன அப்பாவின் பெயர்: தாச், வயது ஐம்பத்தெட்டு.

பிடோங் தீவின் அகதி முகாமில், படகேறித் தப்பி வந்த நாற்பதாயிரம் பேர், ஏதாவது ஒரு நாடு தங்களை ஏற்க அழைக்கும் அந்தக் குரலுக்காகத்தான் காத்துக் கிடந்தார்கள்.

"போடி, மிச்சத்த நான் பாத்துக்கறேன்," என்றாள் பக்கத்துக் குடிசை தோவா சித்தி. "இன்னிக்கு விட்டா இந்த நாட்டுக்காரன் மறுபடி எந்த மாசம் வருவானோ."

"இவர இப்படிப் போட்டுட்டா சித்தி?"

"உங்கப்பன் இருந்தா இந்நேரம் உன்னை அடிச்சே தொரத்தியிருப்பான்."

உண்மைதான். இரண்டு நாடுகள் அவளை மட்டும் அழைத்திருந்தன. வயது இருபத்திரண்டு, ஆங்கிலம் தெரியும். அப்பாவின் மார்பு எக்ஸ்ரே படத்தில் காசநோயின் நிழல் இருந்தது; அவர் வேண்டாம். இரண்டு முறையும் அவள் மறுத்தாள். இரண்டு முறையும் அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

போகும்போது மனுவை எடுத்துக்கொண்டாள். நோயாளிகளையும் வயதானவர்களையும் எல்லா நாடுகளும் பங்கிட்டு ஏற்க வேண்டும், குடும்பங்களைப் பிரிக்கக் கூடாது என்று முகாமுக்காக அவளே எழுதியது. முதல் கைரேகை அப்பாவுடையது.

நேர்காணல் கொட்டகையில் அந்த நாட்டு அதிகாரி கோப்பைப் புரட்டினார். மொழிபெயர்ப்பவர் முகாம்காரர்.

"அப்பா வரலியாம்மா?"

"காலைல போயிட்டார்."

அதிகாரி தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிவிட்டுப் பேனாவால் அப்பாவின் பெயர் இருந்த வரியை அடித்தார்.

"வருத்தப்படறார். இப்போ உன் கோப்புல சிக்கல் எதுவும் இல்லையாம்."

"நேத்து வரைக்கும் ஆகாதது இன்னிக்கு எப்படி ஆச்சுன்னு கேளுங்க."

"வேணாம்மா. கையெழுத்தப் போடு."

அவளே ஆங்கிலத்தில் கேட்டாள். அதிகாரியின் பேனா நின்றது. விதிகளை நான் எழுதவில்லை என்றார்.

"அப்போ எழுதறவங்ககிட்ட இதைக் குடுங்க."

மனுவை அவர் கடைசிப் பக்கம்வரை பார்த்தார். கைரேகைகள் மட்டும் ஏழு பக்கம். மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

குயென் கையெழுத்திட்டாள். எழுத்து கோணாமல் விழுந்தது.

திரும்பி ஓடி வந்தபோது குடிசை காலியாக இருந்தது. வெயில் ஏறிவிட்டதால் தூக்கிவிட்டார்கள். இடுகாட்டு மேட்டில் பாதி வழியில்தான் அவர்களைப் பிடித்தாள். உடைந்த படகின் பலகையில் அடித்த பெட்டி. முன்பக்கம் தோவா சித்தியின் கணவர் கியெட் தோள் கொடுத்திருந்தார். அவருடைய படத்திலும் நிழல். நேர்காணலில் இருமியதையும் கோப்பில் எழுதிக்கொண்டு மூன்று நாடுகள் அவரைத் திருப்பிவிட்டன.

"என்னாச்சு?" என்றாள் சித்தி.

"எடுத்துக்கிட்டாங்க. பத்து நாள்ல கப்பல்."

"மனு?"

"வாங்கிக்கிட்டார்."

சித்தி தலையாட்டினாள்.

கியெட்டுக்கு இருமல் வந்தது. குயெனைப் பார்த்ததும் உதட்டை இறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு அடி நடந்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

அவள் அவருக்கு முன்னால் புகுந்து பெட்டிக்கடியில் தோளை வைத்தாள்.

"விடும்மா, நான் தூக்கறேன்."

"இருமுங்க சித்தப்பா," என்றாள். "இங்க யாரும் எழுதிக்கல."